தராசு இல்லாத இடத்தில் ரத்தப் பை நிரம்புவதை எப்போது நிறுத்துவது?

களத்தில் புது ரத்தம் சேகரிக்கும் அமெரிக்க ராணுவ மருத்துவ வீரர்கள் பையின் நடுவில் அளந்த கயிறு ஒன்றைக் கட்டிக்கொள்வார்கள். பை உப்பிக் கயிறு இறுகினால் போதிய அளவு வந்துவிட்டது என்று பொருள்.

அந்தக் கயிற்றின் அளவை முன்கூட்டியே, நீங்கள் பயன்படுத்தும் அதே தயாரிப்புப் பையில் எடுங்கள். 450 மி.லி. பையில் 63 மி.லி. உறைதடுப்பு திரவம் ஏற்கெனவே இருக்கும். காலாவதியான பையில் அதை அப்படியே விட்டு, 450 மி.லி. தண்ணீர் சேருங்கள். தொங்கவிட்டு, நடுவில் கயிற்றைச் சுற்றி, முடிச்சு விழும் இடத்தைக் குறியுங்கள். வேறு நிறுவனப் பையின் அகலம் மாறும். அந்தக் கயிறு அதற்கு உதவாது.

பலர் தவறுவது இங்கேதான்: தொங்கவிட்டு அளந்துவிட்டு, களத்தில் பையைத் தரையில் கிடத்துகிறார்கள். வடிவம் மாறினால் அளவும் பொய். கயிறு கீழே நழுவினாலும் அப்படியே.

ரத்தம் 405 மி.லி.க்குக் குறைந்தால் உறைதடுப்பு திரவத்திலுள்ள சிட்ரேட்டின் விகிதம் கூடி, அதை ஏற்றும்போது, ஏற்கெனவே ரத்தம் இழந்தவரின் கால்சியத்தை மேலும் இறக்கும். 495-ஐத் தாண்டினால் பைக்குள்ளேயே கட்டி தட்டலாம். நிரம்பும்போதே பையை மெல்ல ஆட்டிக் கலக்குங்கள்.

சிறு கொக்கித் தராசு கிடைத்தால் அதுவே மேல்: பையின் தொடக்க எடைக்கு மேல் சுமார் 475 கிராம் கூடினால் நிறுத்துங்கள்.