கொடைக்கானல் மலையைப் பார்த்து இடிமழையைக் கணிப்பது எப்படி

பெரியகுளம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் சித்திரை, வைகாசியில் தலைக்கு மேலே உள்ள வானத்தை விட்டுவிட்டு வடக்கே மலையைப் பாருங்கள். எங்களுக்கு வரும் கோடை இடிமழையில் பெரும்பகுதி அந்த முகட்டில்தான் உருவாகிறது.

காலை வெயிலில் மலைச்சரிவு சூடாகி, அதை ஒட்டிய காற்றும் சூடாகிறது. அதே உயரத்தில், ஊருக்கு மேலே வெட்டவெளியில் இருக்கும் காற்று அவ்வளவு சூடாவதில்லை. அதனால் சரிவுக்காற்று லேசாகி மேலே ஏற, அடிவாரத்துக் காற்று அதன் பின்னாலேயே போகிறது. நாலாபக்கமும் ஏறிய காற்று முகட்டில் முட்டி மேலே கிளம்பும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். காற்றில் ஈரம் இருந்தால் அந்த ஏற்றத்திலேயே குளிர்ந்து மேகம் கட்டிவிடும்.

முதலில் நேரத்தைக் கவனியுங்கள். முகட்டு மேகம் 11 மணிக்கு முன்பே அகலத்தைவிட உயரமாக வளர்ந்தால், மதியத்துக்கு மேல் நான் தோப்பில் காய் பறிக்க ஆள் விடமாட்டேன். அப்புறம் மேகத்தின் விளிம்பு. காலிஃபிளவர் மாதிரி திரண்டு பளிச்சென்று இருந்தால் இன்னும் வளர்கிறது. கிழிந்து கரைந்தால், சுற்றியுள்ள உலர்ந்த காற்று அதைத் தின்கிறது, அன்று தப்பிக்கலாம். உச்சி தட்டையாகப் பரவிவிட்டால் இடிமேகம் முழுதாக உருவாகிவிட்டது.

அந்தத் தட்டை உச்சி சாயும் திசையைப் பார்த்து மழை அங்கேதான் போகும் என்று நினைத்துவிடாதீர்கள். அது 12 கிலோமீட்டர் உயரத்துக் காற்றின் போக்கு. மேகம் நகரும் திசை வேறாக இருக்கலாம். மழைத்திரை விழும் இடத்தை ஒரு மலை மடிப்போடு ஒப்பிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். எந்த மடிப்பு மறைகிறதோ அந்தப் பக்கம் வருகிறது.

காய்களை உதிர்ப்பது மழையைவிடச் சூறைக்காற்றுதான். மழையோடு கீழே இறங்கும் குளிர்காற்று சரிவில் வேகம் கூடி அடிவாரத்துக்குப் பாயும். மதியம் முழுக்க மலையை நோக்கி வீசிய காற்று சட்டென்று நின்று, மலைப்பக்கமிருந்து சில்லென்று வந்தால் ஏணியை உடனே இறக்கிவிடுங்கள்.

மேகம் நகராமல் நின்றாலும் ஆபத்து. மேல்காற்று பலவீனமாக இருந்து, சரிவுக்காற்று ஈரத்தை ஊட்டிக்கொண்டே இருந்தால் ஒரே இடத்தில் கொட்டும். 1976 ஜூலை 31 அன்று அமெரிக்காவின் கொலராடோவில் பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் அப்படித்தான் ஆனது. வெள்ளத்தில் 140 பேருக்கு மேல் இறந்தார்கள். கும்பக்கரை அருவிக்கும் நீர் மேலே மலையிலிருந்துதான் வருகிறது. குளிக்கிற இடத்தில் வெயில் அடித்தாலும், மேலே கறுத்திருந்தால் இறங்காதீர்கள். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ செருப்பைக்கூடத் தேடாமல் கரையேறுங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள்; மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் கான்கிரீட் வீட்டுக்கோ, கண்ணாடி ஏற்றிய காருக்கோ போய்விடுங்கள். மாமரத்தடியும் காவல் கொட்டகையும் பாதுகாப்பில்லை. காய் உதிர்ந்ததும் பிள்ளைகள் பொறுக்க ஓடுவார்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை அவர்களை வெளியே விடாதீர்கள்.