டிராக் பந்தயக் கார் மாதிரிக்குக் கையால் பாகங்கள் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிராக் பந்தயக் கார் (நேரான குறுகிய தடத்தில் மிக வேகமாகப் பாயும் கார்) மாதிரிகளைப் பெட்டியில் வரும் பாகங்களை மட்டும் கொண்டு ஒட்டி முடிப்பவர்கள், சில மாதிரிகளுக்குப் பிறகு அவற்றின் போதாமையை உணரத் தொடங்குகிறார்கள். எக்ஸாஸ்ட் குழாய்களின் வாய் அடைபட்டிருக்கிறது. ஸ்பார்க் பிளக் வயர்களே இல்லை. எரிபொருள் குழாய்கள் எஞ்சினோடு சேர்த்து வார்க்கப்பட்ட வெறும் மேடுகளாக இருக்கின்றன. பிளாஸ்டிக் தகடு, பித்தளைக் குழாய், மெல்லிய கம்பி ஆகியவற்றிலிருந்து பாகங்களைத் தாமே செய்யும் முயற்சி அங்கேதான் தொடங்குகிறது. நான் செய்து ஒதுக்கிய பாகங்களையும், பிறர் செய்து வருந்திய பாகங்களையும் பல ஆண்டுகளாகப் பார்த்ததில் எனக்கு உறுதியாகப் புரிந்தது ஒன்றுதான்: இந்த வேலையில் பெரும்பாலான தவறுகள் கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. கை நடுங்கியதால் கெட்ட பாகங்களைவிட, தடிமனைக் கணக்கிடாததாலும், அந்தப் பாகம் உண்மையான காரில் என்ன வேலை செய்கிறது என்று தெரியாததாலும் கெட்ட பாகங்களே அதிகம்.

தடிமனில் நடக்கும் தவறு எல்லாவற்றிலும் பெரியது. கார் மாதிரிகளில் பரவலாகப் புழங்கும் அளவு 1/25. இந்த அளவில் உண்மையான காரின் ஓர் அங்குலம் 1.016 மில்லிமீட்டர் ஆகிறது; அதாவது, அங்குலத்தில் கிடைக்கும் எண்ணை அப்படியே மில்லிமீட்டராக எழுதிக்கொண்டாலே கணக்கு முடிந்துவிடும். இவ்வளவு எளிய கணக்கு கையில் இருந்தும், எளிதாக வெட்டலாம், வளையாமல் நிற்கும் என்பதற்காக 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டை எல்லாப் பாகங்களுக்கும் பயன்படுத்துகிறோம். உண்மைக் காரின் அளவுக்கு மாற்றிப் பார்த்தால் அது 12.5 மி.மீ. கனமுள்ள பலகை. ஓட்டுநரைச் சுற்றியுள்ள அலுமினியத் தகடு ஏறத்தாழ 1 மி.மீ. கனம்தான் இருக்கும் என்றால், மாதிரியில் அது 0.04 மி.மீ. ஆக வேண்டும். அவ்வளவு மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை வைத்து வேலை செய்ய முடியாது என்பது உண்மைதான். ஆனால், கண் ஒரு தகட்டின் கனத்தை அதன் விளிம்பைப் பார்த்தே கணிக்கிறது. எனவே தகட்டின் பின்பக்கத்தில் விளிம்பை ஒட்டி மட்டும் சாய்வாகத் தேய்த்து, விளிம்பைக் கத்தியின் முனைபோல மெல்லியதாக்கிவிட்டால் முழுத் தகடும் மெல்லியதாகவே தோன்றும். இன்னும் நேர்த்தி வேண்டுமானால், குளிர்பான டப்பாவின் பக்கச் சுவரை வெட்டிப் பயன்படுத்தலாம். அதன் கனம் ஏறத்தாழ 0.1 மி.மீ. தான்.

இதே தவறு வயர்களில் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. உண்மையான ஸ்பார்க் பிளக் வயர் 8 மி.மீ. தடிமன் என்றால், 1/25 அளவில் அது 0.32 மி.மீ. கையில் கிடைத்த 0.6 மி.மீ. வயரைப் பொருத்தினால், எஞ்சினின் மேல் 15 மி.மீ. தடிமனுள்ள கயிறுகள் கிடப்பதுபோல் ஆகிவிடும். எவ்வளவு கவனமாக வளைத்திருந்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது. வயருக்கு வாங்கிய அதே சுருளை எரிபொருள் குழாய்க்கும் பயன்படுத்துவது இதற்கு நேர் எதிரான தவறு. டிராக் பந்தயத்தின் மிக வேகமான வகையான டாப் ஃப்யூயல் கார், நைட்ரோமீத்தேன் என்னும் எரிபொருளைப் பெருமளவு மிகக் குறுகிய நேரத்தில் விழுங்குகிறது. முன்பக்கத் தொட்டியிலிருந்து பம்புக்கு வரும் குழாய் ஸ்பார்க் பிளக் வயரைவிடப் பல மடங்கு தடிமனானது. போல்ட் தலைகளும் அப்படியே: 3/8 அங்குல போல்டின் அறுகோணத் தலை 9/16 அங்குலம் அகலம் கொண்டது, மாதிரியில் அது 0.57 மி.மீ. கண்ணுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று 1 மி.மீ. தலைகளை ஒட்டினால், எஞ்சின் பொம்மையாகிவிடுகிறது. சரியான தடிமன் கிடைக்காதபோது என்ன செய்வது என்று கேட்டால், என் முடிவு எப்போதும் ஒன்றுதான்: சற்று மெல்லியதைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய வயரைக் கண் மன்னித்துவிடும், தடித்ததை மன்னிக்காது.

1/24, 1/25 ஆகிய இரண்டு அளவுகளையும் கலப்பதைப் பற்றிப் பலர் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். மேக்னெட்டோ (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் கருவி), பம்பு போன்ற சிறு பாகங்களில் இந்த நான்கு சதவீத வேறுபாட்டை யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால், சட்டகத்தில் அது பெரிதாகிவிடுகிறது. 300 அங்குல வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 1/25 அளவில் 304.8 மி.மீ., 1/24 அளவில் 317.5 மி.மீ. ஒன்றின் வரைபடத்தைப் பார்த்து மற்றொன்றுக்கான குழாய்களை வெட்டினால், அரை அங்குலம் தவறிப்போகும்.

இனி, பாகத்தின் வேலையை அறியாமல் செய்யும் தவறுகளுக்கு வருகிறேன். சாலையில் ஓடும் காரைப் பற்றிய அறிவை அப்படியே டிராக்ஸ்டருக்கு (நீண்ட சட்டகம் கொண்ட டிராக் பந்தயக் காருக்கு) மாற்றுவதால், உண்மையில் இல்லாத பாகங்களை மிகுந்த உழைப்போடு செய்து வைத்துவிடுகிறோம். இன்றைய டாப் ஃப்யூயல் எஞ்சினின் பிளாக்கில் தண்ணீர் ஓடும் வழிகளே கிடையாது; எனவே ரேடியேட்டரும் இல்லை, அதற்குச் செல்லும் குழாய்களும் இல்லை. முன்சக்கரங்களுக்குப் பிரேக் இல்லை. பின் அச்சு ஸ்பிரிங் ஏதுமின்றிச் சட்டகத்தோடு இறுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது; நீண்ட சட்டகமே வளைந்து கொடுத்து அந்த வேலையைச் செய்கிறது. வழக்கமான கியர் பெட்டியும் இல்லை. பல தட்டுகள் கொண்ட கிளட்ச்தான் விசையைக் கடத்துகிறது. முன்சக்கரத்தில் அழகான டிஸ்க் பிரேக் ஒன்றை நானும் ஒருமுறை இரண்டு வாரம் செலவழித்துச் செய்திருக்கிறேன். பிறகு பிடுங்கி எடுக்க வேண்டியதாயிற்று.

எந்தக் குழாயும் வயரும் ஓரிடத்தில் தொடங்கி ஓரிடத்தில் முடிய வேண்டும். இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று தோன்றலாம். ஆனால், எஞ்சினின் ஒரு பக்கத்தில் தொடங்கி இருட்டான மூலைக்குள் சென்று மறையும் குழாய்கள் எத்தனையோ மாதிரிகளில் இருக்கின்றன. ஹெமி எஞ்சினில் (அரைக்கோள வடிவ எரியறைகள் கொண்ட எஞ்சின்) வயர்களின் எண்ணிக்கையே அந்தக் காரின் காலத்தைச் சொல்லிவிடும்: 1960களின் எஞ்சினில் ஒரு மேக்னெட்டோவும் சிலிண்டருக்கு ஒரு பிளக்குமாக எட்டு வயர்கள்; இன்றைய டாப் ஃப்யூயல் எஞ்சினில் இரண்டு மேக்னெட்டோக்களும் சிலிண்டருக்கு இரண்டு பிளக்குகளுமாகப் பதினாறு வயர்கள். கிரைஸ்லர் 426 ஹெமியின் எரியூட்டு வரிசை 1-8-4-3-6-5-7-2. மேக்னெட்டோவின் மூடியிலிருந்து வயர்கள் இந்த வரிசையில் பிரிந்து செல்லும்போது, சில வயர்கள் ஒன்றையொன்று தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு என்று சீப்புப் பற்கள்போல ஒழுங்காகப் பிரித்து வைத்தால் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால், உண்மை எஞ்சினை அறிந்தவருக்கு அது உடனே பொய்யாகத் தெரியும்.

காலக் கலப்பு என்பது ஆதாரப் படங்களைச் சேகரிக்கும்போதே உள்ளே நுழைந்துவிடும் தவறு. டிராக் பந்தய ஓட்டுநர் டான் கார்லிட்ஸ் 1970 மார்ச்சில் கலிபோர்னியாவின் லயன்ஸ் பந்தயத் தடத்தில் கியர் பெட்டி வெடித்துக் காயமடைந்த பிறகு, எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த காரை உருவாக்கினார்; 1971இல் அதைக் கொண்டு போட்டிகளில் வெல்லத் தொடங்கியதும், முன் எஞ்சின் டிராக்ஸ்டர்களின் காலம் விரைவில் முடிந்தது. அந்த எல்லைக்கு இருபுறமும் உள்ள படங்களை ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு வேலை செய்தால், பழைய காருக்குப் புதிய காரின் பாதுகாப்புப் பட்டைகளும் பின்னல் உறைக் குழாய்களும் வந்து சேர்ந்துவிடும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரிலும் இதைக் கவனிக்க வேண்டும். 6-71 என்ற சூப்பர்சார்ஜர் வகையின் பெயர் ஜெனரல் மோட்டார்ஸின் டீசல் எஞ்சினிலிருந்து வந்தது: ஆறு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம். இன்றைய டாப் ஃப்யூயல் கார்களில் இருக்கும் 14-71 வகை அதைவிடக் கண்கூடாக நீளமானது. 1964ஆம் ஆண்டின் காருக்கு அதைச் செய்து வைத்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் எஞ்சின் பொருந்தாமல் நிற்கும்.

எக்ஸாஸ்ட் குழாய்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் டிராக்ஸ்டரைப் பார்ப்பவரின் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான். சூமி எனப்படும் இந்தக் குழாய்கள் சிலிண்டருக்கு ஒன்றாக எட்டு. மேல்நோக்கியும் பின்நோக்கியும் வளைந்து, புகையைப் பின்சக்கரங்களின் பக்கமாக ஊதுகின்றன. உண்மைக் குழாய் 2.25 அங்குலம் என்றால், 1/25 அளவில் 2.3 மி.மீ. சாலிடர் கம்பி மென்மையானது, மடிப்பு விழாமல் வளையும் என்பதால் பலர் அதையே பயன்படுத்துகிறார்கள். நானும் அதையே விரும்புகிறேன். முதல் தவறு, ஒவ்வொரு குழாயையும் கண் மதிப்பில் விரலால் வளைப்பது. எட்டு குழாய்களும் எட்டு விதமாக இருக்கும். பிறகு அவற்றைச் சரிப்படுத்த முயலும்போது, வளைத்த இடத்தையே மீண்டும் நிமிர்த்தி வளைப்பதால் மேற்பரப்பில் பள்ளங்கள் விழும். ஒரு மரத்துண்டில் சரியான விட்டமுள்ள உருளை ஒன்றைப் பொருத்தி, பக்கத்தில் ஒரு தடுப்பை வைத்து, அதைச் சுற்றியே எல்லாக் குழாய்களையும் வளைக்க வேண்டும். பத்து குழாய்களாகச் செய்து, அவற்றில் எட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இரண்டாவது தவறு, முதலில் சரியான நீளத்துக்கு வெட்டிவிட்டுப் பிறகு வளைப்பது. வளைவு நீளத்தை விழுங்கிவிடும் என்பதால், நீளமாக வைத்து வளைத்து, எஞ்சினில் பொருத்திப் பார்த்த பிறகே முனைகளை ஒரே கோட்டில் வெட்ட வேண்டும். மூன்றாவது, முனையைத் துளையிடாமல் கறுப்பு வண்ணம் பூசி ஏமாற்றுவது. உள்ளே நான்கைந்து மில்லிமீட்டர் ஆழத்துக்காவது துளையிட்டு, வாயின் விளிம்பு காகிதம்போல மெலியும்வரை கூர்முனைக் கத்தியால் உட்புறத்தைச் சுரண்ட வேண்டும். சாலிடரில் ஈயம் இருந்தால், வேலை முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் உணவைத் தொடக்கூடாது.

பித்தளைக் குழாயை வளைப்பவர்கள் அதை முதலில் மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சூடாக்கி ஆறவிட வேண்டும். இல்லையெனில் அது மடிந்துவிடும். நீண்ட சட்டகத்துக்குப் பிளாஸ்டிக் கம்பியை நம்பாதீர்கள், 300 மி.மீ. நீளத்தில் அது நாளடைவில் தொய்ந்துவிடும். பித்தளையில் சாலிடர் செய்யும்போது, அருகருகே உள்ள இணைப்புகளில் ஒன்றுக்கு வைக்கும் சூடு மற்றொன்றை உருக்கும் என்பதால், முடிந்த இணைப்பின் மேல் ஈரத்தாளைச் சுற்றி வைக்க வேண்டும். வேலை முடிந்த பின் சாலிடர் பிடிப்பதற்காகப் பூசிய ஃப்ளக்ஸைக் கழுவாமல் விட்டால், சில மாதங்களில் வண்ணத்தின் அடியில் பச்சை பூத்து உரியத் தொடங்கும்.

பசையில் நடக்கும் தவறுகளுக்குப் பெரும்பாலும் அவசரமே காரணம். திரவச் சிமெண்ட் பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டுகிறது. தகடுகளை அடுக்கி ஒட்டிய பாகத்தை அதே மாலையில் தேய்த்துச் சமப்படுத்தினால், உள்ளே தங்கிய கரைப்பான் வெளியேறி முடிந்ததும் இணைப்புக் கோடு பள்ளமாகத் திரும்பத் தோன்றும். சில நாட்கள் காத்திருப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. உலோகத்துக்குச் சூப்பர் குளூ தேவைதான். ஆனால், முனையோடு முனை வைத்து ஒட்டிய கம்பி சிறு இடிபட்டாலே பிரிந்துவிடும். இரு பக்கமும் 0.4 மி.மீ. துளையிட்டு ஓர் ஊசியைச் செருகி ஒட்டினால்தான் இணைப்பு நிலைக்கும். குரோம் பாகங்களுக்கும் கண்ணாடிப் பாகங்களுக்கும் அருகில் சூப்பர் குளூவின் ஆவி வெண்படலமாகப் படியும் என்பதால், அங்கே வெள்ளைப் பசையே ஏற்றது. ரெசின் பாகங்களைத் தேய்ப்பவர்கள் தண்ணீரோடு தேய்க்கவும் முகக்கவசம் அணியவும் வேண்டும்.

வரிசைக் கிரமத்தில் ஏற்படும் தவறுதான் முடிந்த வேலையைக் கெடுக்கிறது. ஒவ்வொரு பாகமும் தனியாகச் சரியாக இருந்தும், எக்ஸாஸ்ட் குழாய் பின் டயரில் இடிக்கும், அல்லது சூப்பர்சார்ஜரின் பெல்ட் பாதுகாப்புக் கூண்டின் குழாயைத் தொடும். எனவே எஞ்சின், சட்டகம், சக்கரங்கள், உடற்பகுதி ஆகிய நான்கையும் ஒட்டாமல் டேப்பால் பிடித்து, வண்ணம் பூசுவதற்கு முன் பலமுறை பொருத்திக் கழற்றிப் பார்க்க வேண்டும். அப்போது வண்ணத்தின் கனத்துக்கும் இடம்விட வேண்டும்: பிரைமரும் வண்ணமும் மேல்பூச்சும் சேர்ந்து 0.1 மி.மீ. ஆகிவிட்டால், குழாயும் அது செல்லும் துளையும் இரண்டுமாகச் சேர்ந்து இறுகிவிடும், 0.57 மி.மீ. போல்ட் தலைகளின் ஆறு முனைகளும் உருண்டைகளாகிவிடும். அதனால் நான் போல்ட் தலைகளைக் கடைசியில், வண்ணம் பூசி நன்றாகக் காய்ந்த பரப்பின் மேல், ஏற்கெனவே உலோக வண்ணம் பூசி வெட்டி வைத்திருப்பவற்றை ஊசிமுனையால் எடுத்து, ஒரு புள்ளி வெள்ளைப் பசையில் ஒன்றொன்றாக வைக்கிறேன். ஸ்பார்க் பிளக் வயர்களும் எரிபொருள் குழாய்களும் எஞ்சின் சட்டகத்தில் உட்கார்ந்த பிறகே அவற்றின் மறுமுனையைச் சேர்கின்றன.