பல வரிகளில் பிரிந்து கிடந்த அழைப்புகளை ரெகெக்ஸ் எனும் தேடல் வடிவக் குறியீட்டில் தேடிப் பிடித்த விதம்

பழைய ஜாவா நிரலொன்றில், குறிப்பிட்ட மெத்தடுக்கு (செயற்கூறுக்கு) ‘நல்’ எனும் வெற்று மதிப்பை அனுப்பும் இடங்களைக் கிரெப் எனும் உரைத்தேடல் கருவி கொண்டு தேடியபோது, பல வரிகளில் எழுதப்பட்ட அழைப்புகள் மட்டும் சிக்கவில்லை. கிரெப் இயல்பாக ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகவே பார்க்கிறது. அதைப் போன்ற ரிப்கிரெப் கருவிக்கு மாறி, பல வரிகளைச் சேர்த்துத் தேடும் மல்ட்டிலைன் தெரிவை இயக்கியும் பயனில்லை, ஏனெனில் அப்போதும், எவ்வெழுத்தையும் குறிக்கும் புள்ளிக்குறி புதுவரியைத் தாண்டுவதில்லை. புள்ளியைப் புதுவரிக்கும் பொருந்தவைக்கும் டாட்ஆல் தெரிவையும் சேர்த்து, ‘எத்தனை முறையும்’ எனக் குறிக்கும் நட்சத்திரத்தை அடுத்துக் கேள்விக்குறி இட்டு, இயன்றவரை நீளமாகப் பொருந்தும் அதன் பேராசையை அடக்கியபோதோ, ஓர் அழைப்பில் தொடங்கிய பொருத்தம் பல நிரல் கூற்றுகள் தள்ளி, தொடர்பற்ற ஒரு ‘நல்’லில் போய் முடிந்தது.

இறுதியில் புள்ளியைக் கைவிட்டு, அரைப்புள்ளி அல்லாத எவ்வெழுத்தையும் குறிக்கும் [^;]* என்பதை இட்டதும் சரியான பட்டியல் வந்து நிம்மதி தந்தது. பலரும் கவனிக்காதது, இத்தகைய விலக்குத் தொகுதி மல்ட்டிலைன் தேடலில் டாட்ஆல் இல்லாமலேயே புதுவரியையும் ஏற்கும் என்பதுதான். கூற்று முடியும் அரைப்புள்ளியில் தேடலும் தானாக நின்றுவிடுகிறது. மேற்கோளுக்குள் அரைப்புள்ளி வரும் அழைப்புகள் இதற்கும் தப்பும் என்பதால், அவற்றைத் தனியே தேடிச் சரிபார்த்தேன்.