மரக்கன்றுக்கு வேம் இடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேக்கு, வேம்பு, மகாகனி, செம்மரம் என எந்தக் கன்று வளர்த்தாலும் பையில் மண் நிரப்பும்போதே ஒரு பிடி வேம் (VAM எனப்படும் வேர்ப்பூஞ்சைக் கலவை) சேர்ப்பது இப்போது பல நாற்றுப்பண்ணைகளில் வழக்கமாகிவிட்டது. சிலருக்குக் கன்று செழிக்கிறது. சிலருக்குப் போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசமே தெரிவதில்லை. வித்தியாசம் தெரியாத இடங்களில் விசாரித்தால், வேமை உரம் போலக் கையாண்டிருப்பார்கள். அது உயிருள்ள வேரை அண்டி மட்டுமே வளரும் பூஞ்சை. இந்த ஒன்றை மறப்பதிலிருந்துதான் கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் எளிதில் நகராது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்தில் உள்ளதை உறிஞ்சியதும் அந்த வளையம் வெறுமையாகிவிடும். பூஞ்சை இழை அந்த வளையத்தைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் வரை போகும். அதன் பருமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால் வேர் நுழைய முடியாத மண் இடுக்கிலும் நுழைந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொண்டுவரும். பதிலுக்கு மரம் சர்க்கரையும் கொழுப்பும் தரும். இலை தயாரிக்கும் உணவில் 20 சதவீதம் வரைகூட இப்படிப் போகலாம். கொடுக்கல் வாங்கல் நடப்பது வேரின் செல்லுக்குள், சின்னஞ்சிறு மரம் போலக் கிளைத்த ஓர் உறுப்பில். அந்த உறுப்பு சில நாளில் சிதைந்துவிடும், பிறகு இன்னொரு செல்லில் புதிதாக உருவாகும். வேர் தொடர்ந்து வளர்ந்தால்தான் இந்த உறவும் தொடரும்.

மரம் எது என்று பார்க்காமல் வேம் இடுவது

காட்டு மரங்களோடு சேரும் பூஞ்சைகளில் முக்கியமானவை இரண்டு வகை. ஒன்று வேரின் செல்லுக்குள் புகும் உட்பூசணம். கடையில் வேம் என்று கிடைப்பது இதுதான். தேக்கு, வேம்பு, புளி, மா, மூங்கில், செம்மரம், சந்தனம், சோலைக்காட்டின் நாவல் இனங்கள் எல்லாம் இதோடு சேரும். இன்னொன்று வேர் நுனியைச் சுற்றி உறை போல மூடி, செல்லுக்குள் புகாமல் செல்களின் இடைவெளியில் வலை பின்னும் புறப்பூசணம். பைன், ஓக், சால மரம் ஆகியவற்றின் துணை இது. பைன் கன்றுக்குக் கிலோ கணக்கில் வேம் போட்டாலும் அதற்கு வேண்டிய துணை கிடைக்காது. போர்ட்டோ ரிக்கோவில் 1930களிலிருந்து பைன் நட்டுப் பார்த்தார்கள். கன்று மஞ்சளித்துக் குட்டையாக நின்று செத்தது. 1950களில் அமெரிக்கப் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் பிழைத்தது. உரப் பற்றாக்குறை என்று தோன்றியது உண்மையில் பூஞ்சைப் பற்றாக்குறை.

தைலமரம் இரண்டோடும் சேரும். இளங்கன்றில் உட்பூசணம் முந்திக்கொள்ளும், வயது ஏற ஏறப் புறப்பூசணம் கூடும். சவுக்கிலும் இரண்டும் உண்டு, கூடவே பிராங்கியா என்ற நுண்ணுயிரும் சேரும். பிராங்கியா பூஞ்சை அல்ல, வேர் முடிச்சில் தழைச்சத்தை (நைட்ரஜனை) நிலைநிறுத்தும் ஆக்டினோபாக்டீரியா. அதைக் கொடுத்துவிட்டோமே என்று வேமை விட்டுவிடுவதும் தவறு, வேம் கொடுத்தாயிற்றே என்று பிராங்கியாவை விடுவதும் தவறு. ஒன்று தழைச்சத்துக்கு, மற்றது மணிச்சத்துக்கு.

இதன் மறுபக்கமும் உண்டு. சோலை மரக் கன்றுக்கு என்று பைன் தோட்டத்து மண்ணை அள்ளி வராதீர்கள். சோலை மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பூஞ்சை பயன்படாது. அந்த மண்ணோடு அந்நியப் பூஞ்சைகளையும் பைன் விதைகளையும் சோலைக்குள் கொண்டு சேர்ப்பதுதான் மிஞ்சும்.

வெல்லக் கரைசலில் பெருக்கப் பார்ப்பது

அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களைச் சாணமும் வெல்லமும் சேர்த்துப் பெருக்கும் பழக்கம் நம் விவசாயிகளிடம் உண்டு. டிரைக்கோடெர்மாவைத் தொழு உரத்தில் ஊட்டமேற்றுவதும் சரியான முறையே. அதே வழியில் வேமைப் பெருக்க முடியாது. கரைசலில் எத்தனை நாள் வைத்தாலும் அது வளராது, பூஞ்சையின் வித்துகள் கெடுவதுதான் மிச்சம். உற்பத்தி நிலையங்களிலேயே வெர்மிகுலைட் என்ற இலேசான கனிமத் துகளில் வேம் கலந்து மக்காச்சோளம் விதைத்து, செடி வளர்ந்த பின் வேரையும் ஊடகத்தையும் சேர்த்து நறுக்கித்தான் பொட்டலம் போடுகிறார்கள். டிரைக்கோடெர்மாவை வேமுக்கு மாற்று என்று நினைப்பதும் இதோடு சேர்ந்த குழப்பம். டிரைக்கோடெர்மா நோய்ப்பூஞ்சையை அடக்கும், மரத்துக்கு மணிச்சத்து சுமந்து வராது.

அளவும் இடமும்

மேலே தூவித் தண்ணீர் விட்டால் போதும் என்று நினைப்பதுதான் அதிகம் நடக்கும் பிழை. வித்து நகராது. முளைத்த இழை அருகில் வேரைக் காணாவிட்டால் இருப்பு தீர்ந்து நின்றுவிடும். ஆகவே வேர் வேமின் மீது வந்து விழ வேண்டும். மேட்டுப்பாத்தியில் சதுர மீட்டருக்கு 100 கிராம் எடுத்து, 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் பரப்பி, அதற்கு மேல் விதையுங்கள். பைக்கு 5 முதல் 10 கிராம் போதும். ஆயிரக்கணக்கில் பை நிரப்புவோர் ஒரு டன் மண் கலவைக்கு 10 கிலோ கலந்துவிடலாம். வயலில் நடும்போது கன்றுக்கு 20 கிராமைக் குழியில் வேர்ப்பந்தைத் தொடும்படி இடுங்கள். வளர்ந்த மரத்துக்கு 200 கிராம் என்பது பரிந்துரை. அதைத் தண்டோரம் கொட்டுவது வீண். கிளை விரிந்த எல்லையையொட்டி மண்ணை மெல்லக் கிளறி, நுனிவேர் தென்படும் இடத்தில் இட்டு மூட வேண்டும்.

தென்னைநார்க் கழிவிலோ வெர்மிகுலைட்டிலோ ரூட் டிரெய்னர் என்ற நாற்றுக் குப்பியில் வேர்பிடிக்க வைக்கும் சவுக்குக் குச்சிகளுக்கு வேம் கட்டாயம் என்றே சொல்லலாம். அந்த ஊடகங்களில் இயற்கையான பூஞ்சை அநேகமாக இருக்காது. மரம் செடி நிறைந்த நிலத்தின் செம்மண்ணில் ஏற்கெனவே இருக்கும், அங்கே கூடுதல் பலன் குறைவாகத் தெரிந்தால் ஆச்சரியம் வேண்டாம்.

ஒரு கையால் கொடுத்து மறு கையால் கொல்வது

மண் கலவையில் டிஏபி அல்லது சூப்பர் பாஸ்பேட்டைத் தாராளமாகப் போட்டு, கூடவே வேமும் போடுகிறார்கள். மணிச்சத்து கைக்கெட்டும் தூரத்தில் கொட்டிக் கிடந்தால் கன்று பூஞ்சைக்கு உணவு தராது. வேரில் பூஞ்சை பரவுவது சுருங்கிவிடும். கன்று அப்போது பச்சையாகத்தான் இருக்கும். வயலுக்குப் போய், உரமில்லாத மண்ணில் முதல் கோடையைச் சந்திக்கும்போதுதான் துணையில்லாத வேரின் நிலை தெரியும். நாற்றங்காலில் மணிச்சத்து உரத்தைக் குறையுங்கள், கலவையில் நன்கு மக்கிய தொழு உரம் இருக்கட்டும்.

அடுத்தது பூஞ்சாணக் கொல்லி. நாற்றழுகல் கண்டதும் கார்பென்டசிம் கரைசலை மண்ணில் ஊற்றினால் வேமும் அடிபடும். நாற்றழுகலுக்கு அடிக்கடி காரணமாகும் பித்தியம் உண்மையான பூஞ்சை இனமே அல்ல, கார்பென்டசிம் அதைக் கட்டுப்படுத்தவும் செய்யாது. தண்ணீரைக் குறைத்து, காற்றோட்டம் கொடுத்து, நெருக்கத்தைக் கலைத்துப் பாருங்கள். மருந்து தவிர்க்க முடியாவிட்டால் மெட்டலாக்சில் வேமுக்கு அத்தனை கேடு செய்யாது. மண்ணைச் சூரிய வெப்பத்தில் மூடாக்கிட்டுச் சுத்திகரிப்பவர்கள் அதை முடித்த பிறகே வேம் கலக்க வேண்டும். பொட்டலத்தை வெயிலிலோ உர மூட்டைக்கு மேலோ போட்டு வைக்காதீர்கள்.

கண்ணால் பார்த்து முடிவு செய்வது

புறப்பூசணத்தை ஒரு கைலென்சில் பார்த்துவிடலாம். பைன் வேரின் நுனி தடித்து, கவை போல இரண்டாகப் பிரிந்து, வேர்த்தூவி இல்லாமல் இருக்கும். உட்பூசணம் அப்படித் தெரியாது. வெள்ளை நூலைப் பார்த்து வேம் பிடித்துவிட்டது என்று மகிழ்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது தொழு உரத்தை மக்கச் செய்யும் வேறு பூஞ்சையை. சரிபார்க்க வேண்டுமானால், விதைத்த 45 முதல் 60 நாளில் சில கன்றுகளின் நுண்வேரை எடுத்து 1 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி ஆய்வகத்தில் கொடுங்கள். 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் சூடாக்கி வெளுத்து, நீர்த்த அமிலத்தில் அலசி, டிரிப்பான் ப்ளூ சாயமேற்றினால் நுண்ணோக்கியில் இழைகள் நீலமாகத் தெரியும். 100 துண்டில் எத்தனையில் பூஞ்சை இருக்கிறது என்பதே சதவீதக் கணக்கு.

ஆய்வகம் எட்டாதவர்கள் இன்னொன்று செய்யலாம். ஒரே விதை, ஒரே மண் கலவை, ஒரே தண்ணீரில் 50 பைகளை மட்டும் வேம் இல்லாமல் தனி வரிசையில் வையுங்கள். தண்ணீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழியாதபடி சற்று விலக்கி வைப்பது நல்லது. 90ஆம் நாளில் இரண்டு வரிசையிலும் உயரத்தையும், மண்மட்டத்தில் தண்டின் பருமனையும் அளந்து எழுதுங்கள். உயரத்தைவிடப் பருமனை நம்புங்கள், ஏனெனில் நிழலில் நெருங்கி நின்றாலே கன்று உயர்ந்துவிடும். இரு வரிசைக்கும் வித்தியாசம் இல்லையென்றால் மணிச்சத்து உரத்தின் அளவை முதலில் பாருங்கள், அடுத்து பொட்டலத்தின் தயாரிப்புத் தேதியை.