படம் வந்தால் போதுமா? வகுப்பறைகளைக் காணொளியில் இணைக்கும்போது நேரும் தவறுகள்

இரண்டு வகுப்பறைகளைக் காணொளி அழைப்பில் இணைப்பதென்று முடிவானதும் பள்ளிகள் முதலில் தேடுவது பெரிய திரையை. அடுத்து நல்ல கேமராவை. மைக்குக்கு யாரும் மெனக்கெடுவதில்லை. லேப்டாப்பில் இருப்பதே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசையே தலைகீழ். படம் விட்டுவிட்டு வந்தாலும் பாடத்தை ஒருவாறு நடத்திவிடலாம். குரல் கேட்கவில்லையென்றால் சில நிமிடங்களிலேயே இரண்டு பக்கமும் பொறுமை போய்விடும். கடைசி பெஞ்ச் மாணவி கேட்பது தொலைவில் இருக்கும் மாணவனின் காதில் விழ வேண்டும். அவன் சொல்லும் பதில் அவளிடம் திரும்பி வர வேண்டும். இதற்குத் துணை செய்யாத கருவி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் அலங்காரம்தான்.

படமே இல்லாமல் பள்ளி நடந்ததற்கு முன்னுதாரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 1951-இல் வானொலிவழிப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. பறக்கும் மருத்துவர் சேவைக்காக அமைந்திருந்த இருவழி வானொலியையே அதற்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். பரந்த பாலை நிலத்தில், அக்கம்பக்கம் இல்லாத பண்ணைகளில் வளர்ந்த பிள்ளைகள் ஆசிரியரின் குரலை மட்டும் கேட்டுப் படித்தார்கள், பதிலும் சொன்னார்கள். வெறும் குரலை வைத்துப் பள்ளி நடத்த முடிந்தது. குரல் வராத வெறும் படத்தை வைத்து அப்படி நடத்துவது கடினம்.

மைக் எங்கே இருக்கிறது?

அறைக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாம் நன்றாகக் கேட்கும். அதனால் அந்தப் பக்கமும் கேட்கும் என்று நினைத்துவிடுகிறோம். நமக்கு இரண்டு காதுகள் இருக்கின்றன. இரைச்சலிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்கும் மூளையும் இருக்கிறது. மேசைமேல் இருக்கும் ஒற்றை மைக்குக்கு அந்த வசதி இல்லை. பேசுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் நேரடியாக வந்து சேரும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. அரை மீட்டரில் பேசும் ஆசிரியரோடு ஒப்பிட்டால், நான்கு மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கும் பிள்ளையின் குரல் 18 டெசிபல் தாழ்ந்து வரும். மின்விசிறியின் ஓசையும் சுவர்களில் மோதித் திரும்பும் எதிரொலியும் மட்டும் அப்படியே இருக்கும். இது புரியாமல் பிள்ளையிடம் "சத்தமாகப் பேசு, இன்னும் சத்தமாக" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், கூச்ச சுபாவம் உள்ள பிள்ளை அடுத்த முறை வாயே திறக்காது.

தீர்வு எளிது. மைக்குக்கு ஓரடி தூரத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். பேச வேண்டியவர் அங்கே வந்து உட்கார்ந்து பேசட்டும். கையடக்க மைக் இருந்தால் அதைப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அமெரிக்காவின் வகுப்பறை ஒலித் தரம், சாதாரண அளவுள்ள வகுப்பறையில் எதிரொலி 0.6 விநாடிக்குள் அடங்க வேண்டும் என்றும், ஆளில்லாத அறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. பல பள்ளிகளின் வெற்றுச் சுவர்களும் சிமெண்ட் தரையும் அந்த எல்லைக்கு அருகில்கூட வராது. ஜன்னல்களில் கனமான திரைச்சீலை, சுவரில் துணி, தரையில் விரிப்பு என்று இருப்பதை வைத்துச் செய்தாலே வேறுபாடு தெரியும்.

ஒரே அறையில் இரண்டு மூன்று லேப்டாப்புகளை ஒரே அழைப்பில் சேர்ப்பது இன்னொரு தவறு. ஒவ்வொரு கருவியும் தன் ஸ்பீக்கரில் என்ன ஒலிக்கிறது என்பதை அறிந்து, மைக்கில் வருவதிலிருந்து அதைக் கழித்துவிடுகிறது. பக்கத்துக் கருவியின் ஸ்பீக்கரில் ஒலிப்பது அதற்குத் தெரியாது. ஆகவே அந்த ஒலி திரும்பத் திரும்பச் சுற்றிவந்து காதைக் கிழிக்கும் ஊளையாகிறது. ஓர் அறைக்கு ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர். மற்றவை எல்லாம் மௌனமாக இருக்கட்டும்.

இசை வகுப்பு நடத்துபவர்கள் கவனிக்க: செயலிகளில் உள்ள இரைச்சல் நீக்கும் வசதி, நீண்டு ஒலிக்கும் வயலின் சுரத்தையும் இரைச்சல் என்றே எடுத்துக்கொண்டு அமுக்கிவிடக்கூடும். அதை அணைத்துவிடுங்கள். இரு வகுப்புகளும் சேர்ந்து ஒரே பாட்டைப் பாடும் ஆசையையும் விட்டுவிடுங்கள். இணையத்தின் தாமதம் தாளத்தை அனுமதிக்காது.

பதில் வரும்வரை பொறுக்காமல் இருப்பது

நேருக்கு நேர் பேசும்போது ஒருவர் முடித்ததற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையே உள்ள இடைவெளி சராசரியாக விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். தொலைத்தொடர்புக்கான ஐ.நா. அமைப்பின் பரிந்துரைப்படி, உரையாடல் இயல்பாக நடக்க ஒரு பக்கத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது. 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாக இணைப்பு வருகிறதென்றால், ஏறி இறங்கும் பயணத்துக்கே கால் விநாடி ஆகிவிடும். கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடி. இது போக, கருவிகள் படத்தைச் சுருக்கி விரிக்கும் நேரம் வேறு.

இந்தச் சிறு தாமதம் செய்யும் கேடு பெரிது. ஒரே நேரத்தில் இருவரும் பேசத் தொடங்குவார்கள், இருவரும் நிறுத்துவார்கள், மறுபடி இருவரும் தொடங்குவார்கள். அதைவிட நுட்பமான கேடு ஒன்று உண்டு. இணைப்பின் தாமதத்தை நாம் மனிதர்களின் குணமாகக் கணக்கிட்டுவிடுகிறோம். ஒரு விநாடியைச் சற்றே தாண்டிய தாமதம் இருந்தாலே எதிரில் இருப்பவர் கவனமில்லாதவர், நட்பில்லாதவர் என்று தோன்றிவிடுவதை 2014-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்று காட்டியது. 'அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கொஞ்சம் மந்தம்' என்று ஓர் ஆசிரியர் சொன்னால், முதலில் இணைப்பைச் சோதியுங்கள்.

கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை என்று 1970-களிலேயே அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோவ் கண்டறிந்தார். மூன்று விநாடி காத்திருந்தால் பதில்கள் நீண்டன, பேச முன்வரும் பிள்ளைகளும் கூடினார்கள். அது ஒரே அறைக்குள் எடுத்த கணக்கு. காணொளியில் ஐந்து விநாடியாவது காத்திருங்கள். அந்த ஐந்து விநாடி ஒரு யுகம்போல் தோன்றும், தோன்றட்டும். 'யாராவது சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கேட்பதும் உதவாது. பெயர் சொல்லி அழைத்துவிட்டு, அதன் பிறகு கேள்வியைக் கேளுங்கள்.

முறை வைத்துப் பேசுவதைக் கற்றுக்கொள்ள நல்ல பள்ளிக்கூடம் விண்வெளியில் இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களுடன் 2000-ஆம் ஆண்டிலிருந்து மாணவர்கள் அமெச்சூர் வானொலி மூலம் பேசிவருகிறார்கள். நிலையம் தலைக்குமேல் கடந்துபோகும் நேரம் ஏறத்தாழ 10 நிமிடம்தான். பிள்ளைகள் முன்பே ஒத்திகை பார்த்து வரிசையில் நிற்பார்கள். கேள்வியை முடித்ததும் 'ஓவர்' என்று சொல்லி நகர்வார்கள். அரை மணி நேரக் காணொளியில் நடக்கும் உரையாடலைவிட அந்தப் பத்து நிமிடத்தில் அதிகம் நடந்துவிடுவதுண்டு.

இணைய வேகமும் கேமராவும்

வேகத்தைச் சோதிக்கும்போது எல்லோரும் பதிவிறக்க வேகத்தைப் பார்த்து மகிழ்கிறார்கள். உங்கள் வகுப்பை அந்தப் பக்கம் கொண்டுசேர்ப்பது பதிவேற்ற வேகம். பல இணைப்புகளில் அது மிகவும் குறைவு. உயர்தரப் படத்துக்கு விநாடிக்கு ஒன்று முதல் நான்கு மெகாபிட் வரை வேண்டும், குரலுக்கு 100 கிலோபிட்டே அதிகம். எனவே இணைப்பு தடுமாறினால் முதலில் அணைக்க வேண்டியது கேமரா. முடிந்தவரை வைஃபையை நம்பாமல் கேபிளைச் செருகுங்கள். சோதனையை வீட்டில் செய்யாமல் அதே அறையில், அதே மணி நேரத்தில், பள்ளி முழுவதும் இயங்கும்போது செய்யுங்கள். பள்ளி இணையத்தின் பாதுகாப்பு அமைப்பு காணொளிச் செயலியையே தடுத்துவைத்திருக்கும் செய்தி அப்போதுதான் தெரியவரும்.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னலுக்கு முன்னால் நின்றால் முகம் கருத்துப்போகும். முழு வகுப்பும் தெரிய வேண்டும் என்று தூரத்தில் வைத்தால் முகங்கள் கடுகு கடுகாகத் தெரியும். கரும்பலகையில் எழுதுவது பெரும்பாலும் அந்தப் பக்கம் படிக்கக் கிடைக்காது. எழுத்தைத் திரைப் பகிர்வில் காட்டுங்கள்.

பிரசங்கத்துக்கு எதற்கு நேரலை?

எல்லாக் கருவிகளும் சரியாக அமைந்த பிறகு நடக்கும் பெரிய தவறு, ஒருவர் நாற்பது நிமிடம் பேசுவதும் இரண்டு அறைகள் சும்மா பார்ப்பதும். அதற்குப் பதிவுசெய்த காணொளியே போதும். நிறுத்தி நிறுத்தியாவது பார்க்கலாம். காணொளி ஏன் களைப்பூட்டுகிறது என்பதற்கு ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021-இல் நான்கு காரணங்களை முன்வைத்தார்: இடைவிடாமல் மிக அருகில் தெரியும் முகங்கள், தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது, அசையாமல் இருப்பது, சைகைகளைப் புரிந்துகொள்ள மூளை படும் கூடுதல் பாடு. பெரியவர்களுக்கே இப்படியென்றால் பத்து வயதுப் பிள்ளையின் நிலை சொல்ல வேண்டியதில்லை.

அந்த வகுப்பிடம் இருப்பதும் இந்த வகுப்பிடம் இல்லாததுமான ஒன்று வேண்டும். அப்போதுதான் அழைப்புக்கே பொருள் உண்டு. இதற்கு எனக்குப் பிடித்த பாடம் நிழல் அளப்பது. வடக்கு தெற்காகத் தள்ளி அமைந்த இரு பள்ளிகளில் ஒரே நாளில் ஒரு மீட்டர் குச்சியை நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தில் அளக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் 40 சென்டிமீட்டர், மற்றதில் 53 வருகிறது. நிழலைக் குச்சியின் உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டால், சூரியன் நேர் உச்சியிலிருந்து விலகிய கோணங்கள் முறையே 21.8, 27.9 பாகை; வேறுபாடு 6.1. வடக்கு தெற்குத் தூரம் 680 கிலோமீட்டர் என்றால், அதை 360-ஆல் பெருக்கி 6.1-ஆல் வகுத்தால் பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,100 கிலோமீட்டர். துருவங்கள் வழியான உண்மை அளவு 40,008. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தெனிஸ் பூமியை அளக்கப் பின்பற்றிய அதே வழி.

இதில் அழகு என்னவென்றால், ஒரு பக்கம் நிழலை ஒரு சென்டிமீட்டர் தவறாக அளந்தாலும் விடை ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர் விலகிவிடும். அப்போது இரு வகுப்புகளும் கட்டாயம் வாதிடும். குச்சி நேராக நின்றதா, தரை மட்டமா, நிழலின் நுனியை எங்கே குறித்தீர்கள்? இதற்கு அழைப்பு பதினைந்து நிமிடம் இருந்தால் போதும். வேலையெல்லாம் முன்பும் பின்பும் நடக்கிறது.

முதல் சந்திப்பிலேயே இவ்வளவு வேண்டாம் என்றால், எதிர் வகுப்பு உலகில் எங்கே இருக்கிறது என்று ஆம், இல்லை கேள்விகளால் கண்டுபிடிக்கும் விளையாட்டு இருக்கிறது. ஸ்கைப் பெயரில் பிரபலமான விளையாட்டு அது. ஸ்கைப் 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. விளையாட்டுக்கு எந்தச் செயலியும் போதும். வரைபடம் பார்ப்பவர், கேள்வி உருவாக்குபவர், குறிப்பெடுப்பவர் என்று எல்லோருக்கும் வேலை கொடுத்துவிட்டால் வேடிக்கை பார்க்க ஆளே இருக்காது.

மறுமுனையில் இருக்கும் ஆசிரியரை வெறும் கருவி இயக்குபவராக நடத்துவதும் பரவலான வழக்கம். பாடத்தைத் திட்டமிடும்போதே அவர் உடன் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பள்ளி கொடுப்பதாகவும் மற்றது வாங்குவதாகவும் ஆகிவிடும். 'உங்கள் ஊரில் மின்சாரம் இருக்கிறதா?' என்ற வகைக் கேள்விகள் அந்த மனநிலையில்தான் பிறக்கின்றன. கேள்விகளை முன்னதாகவே பரிமாறிக்கொண்டால் இவற்றைத் தவிர்க்கலாம்.

கடிகாரம், கதவு, மாற்று ஏற்பாடு

கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும் கோடைநேரம் அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்குகிறது. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட வாரங்களில் இரு தரப்புக்குமான நேர வேறுபாடு ஒரு மணி நேரம் மாறியிருக்கும். அக்டோபர் கடைசியிலும் இதே குழப்பம் ஒரு வாரம் வரும். பல நாடுகள் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. சில நாடுகளின் நேரம் அரை மணி, முக்கால் மணிக் கணக்கில் தள்ளி நிற்கிறது. அழைப்பிதழில் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

அழைப்பின் இணைப்பைப் பொதுவெளியில் பகிர வேண்டாம். 2020-இல் முன்பின் தெரியாதவர்கள் வகுப்புகளுக்குள் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டியது பெரும்பாலும் இப்படித்தான். வருபவரை நீங்கள் அனுமதிக்கும்வரை வெளியே நிறுத்தும் 'காத்திருப்பு அறை' வசதியை இயக்கி, திரைப் பகிர்வை ஆசிரியருக்கு மட்டும் வையுங்கள். பதிவுசெய்வதென்றால் பெற்றோரின் ஒப்புதல் முன்னதாகவே வேண்டும். கேமராவுக்குப் பின்னணியில் இருக்கும் சுவரையும் ஒரு முறை பாருங்கள். பிள்ளைகளின் முழுப்பெயரும் பெற்றோரின் தொலைபேசி எண்ணும் அங்கே ஒட்டியிருக்கக்கூடும்.

இணைப்பு அறுந்தால் மறுபடி யார் அழைப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழைத்தால் இருவருக்கும் கிடைக்காது. சாதாரணத் தொலைபேசி எண் ஒன்று இரு ஆசிரியர்களிடமும் இருக்கட்டும். படம் திரும்பாவிட்டால், அந்தத் தொலைபேசியையே ஸ்பீக்கரில் போட்டு மைக் நாற்காலிக்கு முன்னால் வைத்துப் பாடத்தைத் தொடரலாம்.