ஊராட்சித் தலைவராக ஜெயித்தாச்சு, அடுத்து என்ன?

முதல் தடவையாக ஊராட்சி மன்றத் தலைவர் ஆனவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊருக்கு ஆக வேண்டியதைச் செய்து முடிக்க, தலைவரின் கையில் இருக்கும் பெரிய பலம், மன்றக் கூட்டத்தின் முடிவுகளை எழுதும் தீர்மானப் புத்தகம்தான். ஆனால் அதைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு வேலை இருக்கிறது.

1. தண்ணீர்

தொட்டி ஆபரேட்டரோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றுங்கள். எந்த வால்வைத் திறந்தால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் போகிறது, கடைசி வீட்டுக்கு எத்தனை குடம் கிடைக்கிறது என்று நின்று பாருங்கள். காலனிக்கு எப்போது, எவ்வளவு நேரம் திறக்கிறார்கள் என்று தனியாகக் கேளுங்கள். ஓரவஞ்சனை அங்கேதான் தெரியும்.

2. பணம்

ஊராட்சி செயலரிடம் ரொக்கப் புத்தகம், வீட்டு வரி பாக்கி, கரண்ட் பில் பாக்கி மூன்றையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். மானியம் என்றால் நிபந்தனை இருக்கும். 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்குக் கொடுத்ததில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. அதை எடுத்து ரோடு போட முடியாது. அதனால் விசாரிக்காமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். கணக்கு ஒழுங்காக இருந்தால் பெரிதாகவும் யோசிக்கலாம். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006இல் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து 350 கிலோவாட் காற்றாலையே வாங்கியது.

3. தீர்மானம்

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். “மேலத்தெருவுக்குக் குடிநீர் வசதி செய்து தரக் கேட்டுக்கொள்ளப்படுகிறது” என்று எழுதினால், அது கோப்பில் தூங்கும். எந்த ஆழ்துளைக் கிணற்றிலிருந்து எந்த இடம் வரை குழாய், எத்தனை வீடு, எந்த நிதி, யார் செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். எழுதியதை எல்லா உறுப்பினர்களுக்கும் படித்துக் காட்டி, அப்புறம் கையெழுத்து வாங்குங்கள். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து கேட்கவே கூடாது. நகலை பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தில் கொடுத்துத் தேதியோடு ஒப்புகை வாங்கி வையுங்கள். அடுத்த முறை போகும்போது கேட்பதற்கு ஆதாரம் அதுதான்.

துணைத்தலைவரை ஆரம்பத்திலிருந்தே கூட வைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒப்புதலும் இல்லாமல் பணம் வெளியே வராது.

4. கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கூட்டம் உண்டு. நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கு நோட்டை அனுப்பிக் கையெழுத்து வாங்கும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். வரவு செலவைச் சத்தமாகப் படியுங்கள். கேள்வி வரும், வரட்டும். ஊரே கூடி நிறைவேற்றிய தீர்மானத்தை அதிகாரிகளால் சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

பெண் தலைவர்களுக்கு ஒன்று: அந்த நாற்காலி உங்களுடையது. கூட்டத்தை நீங்களே நடத்துங்கள், பி.டி.ஓ. அலுவலகத்துக்கும் நீங்களே போங்கள். வீட்டுக்காரர் வண்டி ஓட்டி வரட்டும்.

5. மனுக்கள்

ஒரு நோட்டுப் போட்டுத் தேதி, பெயர், தெரு, கோரிக்கை எழுதுங்கள். ஆகாத காரியம் என்றால் ஆகாது என்று அன்றைக்கே காரணத்தோடு சொல்லிவிடுங்கள். பட்டா மாதிரி உங்கள் கையில் இல்லாத விஷயம் என்றால், தாலுகா அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்றாவது எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.