செல்லுபடியாகும் அடையாள அட்டையைக் கடையில் மறுத்தால்: படிப்படியான செய்முறை விளக்கம்

அரசு கொடுத்த அட்டை கையில் இருக்கிறது. படம் இருக்கிறது, பிறந்த தேதி இருக்கிறது, காலாவதியும் ஆகவில்லை. கவுண்டரில் நிற்பவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, "இதெல்லாம் எடுத்துக்க மாட்டோம், லைசென்ஸ் இருக்கா?" என்கிறார். பின்னால் ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டது போல முகம் சுருங்கிவிடுகிறது.

எனக்கு இது நடந்தது ஒரு பார்சலை வாங்கப் போன இடத்தில். என்னிடம் இருந்தது வசிப்பு அனுமதி அட்டை. கவுண்டரில் இருந்த பெண் முன்பக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே தேடிக்கொண்டே வந்தார். அங்கே இரண்டு தேதிகள் இருந்தன: அட்டை கொடுத்த தேதி, அட்டை முடியும் தேதி. "இதுல பிறந்த தேதியே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் பிறந்த தேதி இருந்தது. அன்று நான் செய்ய வேண்டியிருந்தது அவ்வளவுதான்: அட்டையைத் திருப்பி, அந்த இடத்தைக் காட்டுவது.

அதற்குப் பிறகு நான் கவனித்த வரையில், பெரும்பாலான மறுப்புகள் இப்படித்தான் நடக்கின்றன. அட்டை போலி என்று யாரும் முடிவு செய்வதில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். அதனால் இந்த விளக்கம் முழுக்க ஒரே வேலையைப் பற்றியது: எதிரில் இருப்பவரின் கண்ணைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோவது.

படி 1: மறுப்பவரின் நிலையைப் புரிந்துகொள்ளுங்கள்

வயது வரம்புள்ள பொருளைத் தவறான ஆளுக்கு விற்றால், பல நாடுகளில் கடைக்கு மட்டுமல்ல, விற்ற ஊழியருக்கும் அபராதம் உண்டு. வேலையும் போகலாம். உங்களுக்கு விற்க மறுத்தாலோ அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. தெரியாத அட்டையைப் பார்த்ததும் "வேண்டாம்" என்று சொல்வதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

தெரியாமை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம். அமெரிக்கத் தலைநகரின் ஓட்டுநர் லைசென்ஸில் முன்பு அந்த நகரின் முறையான பெயரான 'டிஸ்ட்ரிக்ட் ஆஃப் கொலம்பியா' (சுருக்கமாக டிசி) என்று அச்சிட்டிருந்தார்கள். இது எந்த மாநிலம், வேறு நாடா என்று குழம்பியவர்கள் அவர்கள் நாட்டிலேயே இருந்தார்கள். கடைசியில் அட்டையில் 'வாஷிங்டன், டிசி' என்று மாற்ற வேண்டியதாயிற்று. அதே நகரில் 2018-ல் திருமண உரிமம் வாங்கப் போன ஒருவர் நியூ மெக்சிகோ மாநில லைசென்ஸைக் கொடுத்தார். அதை வெளிநாடு என்று நினைத்து அவரிடம் பாஸ்போர்ட் கேட்டார்கள். நியூ மெக்சிகோ 1912 முதல் அமெரிக்க மாநிலம். அரசு அலுவலகத்திலேயே இந்த நிலை என்றால், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம் ஆன கடை ஊழியரிடம் நாம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

படி 2: உங்கள் அட்டை உண்மையில் அடையாளச் சான்றா என்று பாருங்கள்

இதை முதலில் நேர்மையாகப் பார்த்துவிட வேண்டும். அரிதாகப் பார்க்கப்பட்டாலும் முறையான சான்றுகள் பல உண்டு. அமெரிக்கா 2008 முதல் கொடுக்கும் பாஸ்போர்ட் கார்டு ஒன்று: பர்ஸில் வைக்கும் அளவிலான பாஸ்போர்ட். 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 28-வது பிரிவுப்படி நாடுகள் கொடுக்கும் அகதிகள் பயண ஆவணம் இன்னொன்று. கடலோடிகளுக்கான அடையாள ஆவணத்துக்கு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2003-ஆம் ஆண்டு உடன்படிக்கையே இருக்கிறது. வசிப்பு அனுமதி அட்டை, ராணுவ அட்டை, பழங்குடி அரசுகள் தங்கள் மக்களுக்குக் கொடுக்கும் அட்டை ஆகியவையும் இந்த வரிசையில் வரும்.

இனி, சான்று போலத் தெரிந்தும் சான்றாகாதவை. சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்பது உங்கள் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மட்டுமே. அதைத் தனியாக நீட்டினால் மறுப்பது சரிதான். அட்டையின் ஜெராக்ஸ், போனில் எடுத்த போட்டோ, படம் இல்லாத தற்காலிகக் காகித லைசென்ஸ், நாள் முடிந்த பாஸ்போர்ட் ஆகியவற்றை மறுத்தாலும் கோபப்பட வேண்டாம்.

போனில் வரும் டிஜிட்டல் லைசென்ஸ் வேறு விஷயம். அதற்கு 2021-ல் ஐஎஸ்ஓ 18013-5 என்ற சர்வதேசத் தரம் வந்தது. முழு விவரத்தையும் காட்டாமல், இவர் இந்த வயதைத் தாண்டியவர் என்ற ஒரே பதிலை மட்டும் அனுப்பும் வசதி அதில் உண்டு. ஆனால் அந்தப் பதிலை வாங்கும் கருவி கடையில் இருக்க வேண்டும். இல்லாத கடைக்கு அது போன் திரையில் தெரியும் வெறும் படம்தான். போனை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

படி 3: மூன்று இடங்களை மனப்பாடம் செய்யுங்கள்

இதுதான் முக்கியமான படி. பத்து நிமிடம் போதும். அட்டையை மேசையில் வைத்து மூன்று இடங்களைத் தேடுங்கள்: படம், பிறந்த தேதி, முடியும் தேதி. நான்காவதாக, ஹாலோகிராம் போன்ற ஒரு பாதுகாப்புக் குறி. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று பார்க்காமலே சொல்லும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டங்களும் பெரும்பாலும் இவற்றைத்தான் கேட்கின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மது விற்பனைக்கான கட்டாய நிபந்தனைகளின்படி, அட்டையில் படம், பிறந்த தேதி, அதோடு ஹாலோகிராம் அல்லது புற ஊதா ஒளியில் தெரியும் குறி இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2024 செப்டம்பர் 30 முதல், புகையிலை வாங்க வரும் 30 வயதுக்குக் குறைந்த எல்லோரிடமும் படமும் பிறந்த தேதியும் உள்ள சான்றைப் பார்க்க வேண்டும் என்பது மத்திய அரசு விதி. லைசென்ஸ் மட்டும்தான் செல்லும் என்று இரண்டு விதிகளும் சொல்லவில்லை.

பாஸ்போர்ட்டிலும் பல அரசு அட்டைகளிலும் அடியில் இயந்திரம் படிப்பதற்கான வரிகள் இருக்கும், எழுத்துகளும் எண்களும் அம்புமுனைக் குறிகளுமாக. பாஸ்போர்ட் பக்கத்தில் 44 குறிகள் கொண்ட இரண்டு வரிகள். பர்ஸ் அளவு அட்டையில் 30 குறிகள் கொண்ட மூன்று வரிகள், பெரும்பாலும் பின்பக்கத்தில். இதை வகுத்தது ஐசிஏஓ என்ற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு. அட்டையின் மேலே எந்த மொழியில் எழுதியிருந்தாலும் இந்த வரிகள் உலகம் முழுக்க ஒரே மாதிரி.

ஐசிஏஓ தன் கையேட்டில் உட்டோப்பியா என்ற கற்பனை நாட்டின் மாதிரி அட்டை ஒன்றை வைத்திருக்கிறது. அதன் இரண்டாவது வரி 7408122 என்று தொடங்கும். முதல் ஆறு எண்கள் பிறந்த தேதி: 74 ஆண்டு, 08 மாதம், 12 நாள். அதாவது 1974 ஆகஸ்ட் 12. கடைசியில் உள்ள 2 சரிபார்ப்பு எண். ஆறு எண்களையும் முறையே 7, 3, 1, 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்குங்கள்: 49, 12, 0, 56, 3, 2. கூட்டினால் 122. அதைப் பத்தால் வகுத்தால் மீதி 2. ஒரு எண்ணை மாற்றிப் போட்டால் இந்தக் கணக்கு இடறும். கவுண்டரில் யாரும் இந்தக் கணக்கைப் போடப்போவதில்லை. உங்கள் அட்டையில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அந்த வரிகள் கிறுக்கல் இல்லை என்பது புரியும், இன்னொருவருக்கு விளக்கும் துணிச்சலும் வரும். பாஸ்போர்ட்டில் இதே பிறந்த தேதி இரண்டாவது வரியில் 14-வது இடத்தில் தொடங்கும்.

தேதி எழுதும் முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 03/04 என்பது சில நாடுகளில் ஏப்ரல் 3, சில நாடுகளில் மார்ச் 4. கடைக் கணினியில் உள்ள தேதியோடு பொருந்தவில்லை என்று மறுக்க இது ஒன்றே போதும். உங்கள் அட்டை எந்த முறை என்று தெரிந்து வைத்துக்கொண்டு, மாதத்தின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

படி 4: கிளம்புவதற்கு முன்

கடைக்கு இணையதளம் இருந்தால் எந்தெந்த அடையாளம் ஏற்கிறார்கள் என்று பாருங்கள். அந்தப் பட்டியலில் உங்கள் அட்டை இருந்தால் அந்தப் பக்கத்தைப் போனில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்து போன்ற அவசரப் பொருள் என்றால் இன்னொரு சான்றையும் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். சரி, அடுத்தது.

படி 5: கவுண்டரில் பேசும் முறை

அட்டையை பிளாஸ்டிக் உறையிலிருந்து முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். உறை பளபளத்தால் ஹாலோகிராம் தெரியாது. பிறந்த தேதி உள்ள பக்கம் மேலே இருக்கும்படி, எழுத்து அவருக்கு நேராக இருக்கும்படி வையுங்கள். கொடுக்கும்போதே ஒரு வரி சொல்லுங்கள். பாஸ்போர்ட் கார்டு என்றால் இப்படி:

"இது பாஸ்போர்ட் ஆபீஸே கொடுக்கிற கார்டுங்க. பிறந்த தேதி இங்க, முடியிற தேதி இங்க இருக்கு."

அவர் கேட்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும். "இல்லை" என்று ஒருமுறை வாயில் வந்துவிட்டால், வரிசையில் நிற்பவர்கள் முன்னால் அதை மாற்றிக்கொள்வது யாருக்கும் கஷ்டம். "இது சட்டப்படி செல்லும், நீங்க எடுத்துத்தான் ஆகணும்" என்று மட்டும் தொடங்காதீர்கள். அந்த நொடியில் அட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்களைப் பார்க்கத் தொடங்குவார்.

படி 6: ஸ்கேனர் படிக்கவில்லை என்றால்

இது அடிக்கடி நடக்கும். கடை ஸ்கேனர் பெரும்பாலும் உள்ளூர் லைசென்ஸின் பார்கோடை மட்டும் படிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். பாஸ்போர்ட் கார்டில் அந்தப் பார்கோடு கிடையாது. ஸ்கேனர் கத்தினால் ஊழியர் 'போலி' என்று எடுத்துக்கொள்வார். "இதுல அந்தப் பார்கோடு இல்லைங்க, தேதியைக் கையால போட முடியுமான்னு பாருங்களேன்" என்று கேளுங்கள். பல பில்லிங் மென்பொருள்களில் அந்த வசதி உண்டு. புதியவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. இதைக் கேட்டுப் பார்க்காமல் திரும்பி வந்துவிடாதீர்கள்.

படி 7: மேனேஜரைக் கேளுங்கள்

குரலை உயர்த்த வேண்டாம். "உங்களுக்குச் சந்தேகம் இருந்தா பரவால்லங்க, மேனேஜரை ஒருதடவை பார்க்கச் சொல்லுங்க. நான் ஓரமா நிக்கிறேன்" என்று சொல்லி வரிசையிலிருந்து விலகி நில்லுங்கள். வரிசை நகர்ந்ததும் இறுக்கம் பாதி குறைந்துவிடும். முடிவின் பொறுப்பு ஊழியரின் தலையிலிருந்து இறங்குவதும் அவருக்கு நிம்மதி. மேனேஜர் வந்ததும் மறுபடி முதலிலிருந்து அதே மூன்று இடங்களைக் காட்டுங்கள்.

அவரும் மறுத்தால், பெரும்பாலான இடங்களில் கடைக்கு அந்த உரிமை இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அட்டை செல்லும் என்று சட்டம் சொல்வது வேறு, கடை விற்றே ஆக வேண்டும் என்பது வேறு. ஒரு விதிவிலக்கு: அதே அட்டையை மற்றவர்களிடம் ஏற்றுக்கொண்டு, உங்கள் நிறத்தையோ பேச்சையோ பார்த்து உங்களிடம் மட்டும் மறுத்தால், அது பாகுபாடு. அதற்கான சட்டமும் புகார் செய்யும் அமைப்பும் பல நாடுகளில் இருக்கின்றன. அதைக் கடை மேனேஜரோடு பேசித் தீர்க்க முயலாமல் அங்கே கொண்டுபோங்கள்.

படி 8: வெளியே வந்ததும் எழுதி வையுங்கள்

நாள், நேரம், எந்தக் கவுண்டர், சொன்ன வார்த்தைகள், மேனேஜர் வந்தாரா. அன்றைக்கே எழுதினால்தான் சரியாக நினைவிருக்கும். பிறகு கடையின் தலைமை அலுவலகத்துக்கு ஒரு சின்னக் கடிதம். நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"இந்தத் தேதியில் இந்த நேரத்தில் என் வசிப்பு அனுமதி அட்டையை உங்கள் ஊழியர் ஏற்கவில்லை. பிறந்த தேதி பின்பக்கத்தில் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. அவர் மரியாதையாகவே நடந்துகொண்டார். அவர்மேல் நடவடிக்கை வேண்டாம். நீங்கள் ஏற்கும் அட்டைகளின் பட்டியலை எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இந்த அட்டை அதில் இருந்தால், இரண்டு பக்கத்தின் மாதிரிப் படத்தையும் கவுண்டரில் வையுங்கள்."

ஊழியர்மேல் நடவடிக்கை வேண்டாம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். பயந்துபோன ஊழியர் அடுத்தவரின் அட்டையை இன்னும் சீக்கிரமாக மறுப்பார். அட்டையின் எண்ணையோ படத்தையோ கடிதத்தோடு அனுப்ப வேண்டாம். அட்டையின் பெயரும் கொடுத்த அரசின் பெயரும் போதும்.

பதில் எழுத்தில் வந்தால் அதை போனில் சேமித்து, அடுத்த முறை போகும்போது திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்த பதில் இரண்டே வரி: உங்கள் அட்டை எங்கள் பட்டியலில் இருக்கிறது, கிளைக்குத் தெரிவித்திருக்கிறோம். பார்சலை எடுக்க மறுபடி போனபோது அட்டையைப் பின்பக்கம் மேலே இருக்கும்படி வைத்தேன். வேறு ஒருவர் இருந்தார். தேதியைப் பார்த்தார், திருப்பிப் படத்தைப் பார்த்தார், உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தார்.